பூங்காவைப் பார்த்த வாசல்

அடையாறு அமிர்தவல்லி காலனிப் பூங்காவைச் செண்பகம் பதினோரு வருஷமாக ஒற்றை ஆளாகப் பச்சையாக வைத்திருந்தாள். அதற்கு முன் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். ஒரு வீட்டில் அவள் கிளம்பும்போதெல்லாம் எஜமானியம்மா ஸ்பூன்களை எண்ணிப் பார்ப்பாள். செண்பகத்தின் கண்ணெதிரிலேயே எண்ணுவாள். அதுதான் கொடுமை. பூங்கா வேலை கிடைத்த அன்று, செத்தாலும் இனி அடுத்தவர் வீட்டு எச்சில் பாத்திரத்தைத் தொடுவதில்லை என்று செண்பகம் முடிவு கட்டினாள்.

காலையிலும் மாலையிலும் தண்ணீர் விடுவாள், நடுவில் களையெடுப்பாள், கிளை வெட்டுவாள். பந்தடிக்கிற பையன்களைத் திட்டுவதற்குத் தனிக் கூலி கிடையாது; அதை ஆசைக்குச் செய்தாள்.

சம்பளம் காலனிச் சங்கத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் மனை எத்தனை கிரவுண்டோ அத்தனை பங்கு தரவேண்டும். பூங்காவைப் பார்த்து வாசல் வைத்த வீடு என்றால் இரட்டைப் பங்கு. காற்று வாங்குகிறவர்கள் கொஞ்சம் கூடத் தரட்டுமே என்று யாரோ ஒரு நியாயஸ்தர் அந்த நாளில் எழுதி வைத்த விதி.

தொண்ணூற்றைந்தில் ஊரெல்லாம் வாஸ்துப் பைத்தியம் பிடித்திருந்தது. வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற ஸ்ரீவத்சன், தன் மகன் அச்யுத்துக்கு அமெரிக்க விசா கிடைக்காததற்குத் பூங்கா இருந்த தெற்குப் பக்கம் பார்த்த வாசல்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். வாசலை அடைத்துவிட்டுக் குறுக்குத் தெருப் பக்கம் கிழக்கே திறக்க நல்ல கொத்தனார் வேண்டுமென்றார்.

"எங்க வூட்டுக்காரரே கொத்தனாருதான் சார்!" என்றாள் செண்பகம், வேறு யாரும் முந்திக்கொள்வதற்குள்.

அவள் புருஷன் அம்மாசி ஒன்பது நாளில் வேலையை முடித்தான். சுவரில் கதவு இருந்த அடையாளமே தெரியவில்லை. அதைப் பார்த்து அதே வரிசையில் இன்னும் இரண்டு பேர் வாசலைப் பின்சந்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அதுவும் அம்மாசியின் கைவரிசைதான். அந்த மாதம் வீட்டில் இரண்டு தடவை பிரியாணி.

அடுத்த மாதம் ஸ்ரீவத்சன் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் வாசல் இப்போது பூங்காவைப் பார்க்கவில்லை, ஆகவே ஒற்றைப் பங்குதான் தருவேன் என்று. மற்ற இரண்டு பேரும் அதையே எழுதினார்கள். சங்கச் செயலாளர் கோதண்டபாணி செண்பகத்தைக் கூப்பிட்டார்.

"மூணும் பெரிய மனை, வர்றது குறைஞ்சுபோச்சும்மா. அடுத்த மாசத்துலேருந்து காலைல மட்டும் வா. அரைச் சம்பளம். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணிடுவோம்."

அரைச் சம்பளம் என்றால் மீதிக்கு மறுபடி பாத்திரம்தான். செண்பகம் வீட்டுக்குப் போய் அம்மாசியைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு வாசலையும் அடச்சிட்டு வந்துகீறியே, இன்னாய்யா பண்ணி வச்சிகீறே?"

"நீதானடி இட்டுகினு போனே?" என்றான் அம்மாசி.

அவன் சொன்னது உண்மை என்பதால் இன்னும் ஆத்திரம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை பூங்காவிலேயே நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. கோதண்டபாணி விஷயத்தைச் சொல்லிவிட்டு, "நீ ஏதாவது சொல்றியா செண்பகம்?" என்றார், ஒரு மரியாதைக்கு.

"வாசல் திரும்பிக்கிச்சு, சரி சார். ஜன்னலு எந்தப் பக்கம் கீது? நான் தண்ணி வுடும்போது தினம் பாக்குறேன். மூணு வூட்லயும் ஜன்னலத் தொறந்து வச்சிகினு, காத்து வாங்கிகினு குந்திகினு கீறாங்கோ. அந்த ஜன்னலுக்குத் துட்டு கேளுங்க சார்!"

கூட்டம் சிரித்தது. கோதண்டபாணி சிரிக்கவில்லை. வாசலோ ஜன்னலோ, பூங்காவைப் பார்த்தால் இரட்டைப் பங்கு என்று அங்கேயே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்.

"விதியில வாசல்னுதானே இருக்கு? ஜன்னல்னு எங்கே எழுதியிருக்கு?" என்று ஸ்ரீவத்சன் எழுந்துவிட்டார்.

ஓட்டெடுப்பில் ஆதரவுக்குப் பதினேழு கை, எதிர்ப்புக்குப் பதினேழு கை. சமமானால் பழைய விதியே நிற்கும். செண்பகம் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். எண்ணிக்கையைச் சரிபார்க்கப் பதிவேட்டைப் புரட்டிய கோதண்டபாணி ஸ்ரீவத்சன் பக்கம் திரும்பினார்.

"சார், சொத்துவரி யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் ஓட்டு. உங்க வீடு மாமி பேர்ல இல்ல இருக்கு?"

வரிக்கு வசதி என்று இருபது வருஷம் முன்பு ஸ்ரீவத்சனே செய்த ஏற்பாடு அது. எல்லாரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மனைவி கோமளம் அங்கே விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீவத்சன் அவளைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னார்.

"நாலு மணியாச்சுன்னா எங்காத்துல எல்லாரும் அந்த ஜன்னல்கிட்டதான் உக்காந்துண்டிருப்போம்" என்றாள் கோமளம். "இவர் நாற்காலியை வேற இழுத்துப் போட்டுண்டு உக்காருவார். ஓசிக் காத்து நமக்கு எதுக்கு? ரெட்டைப் பங்குன்னே எழுதிக்கோங்கோ." கையை நன்றாக உயர்த்தினாள்.

ஸ்ரீவத்சன் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நாற்காலிக்காரர் அவர் முதுகில் தட்டியதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"முழு நாள்தான் செண்பகம்" என்றார் கோதண்டபாணி.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் எதிரில் அழ வெட்கமாக இருந்தது. "தண்ணி வுடணும், நாற்காலியெல்லாம் எடுங்கோ" என்று அதட்டிவிட்டுக் குழாயைத் திறக்கப் போனாள். பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள்.