7.10, ஹாரன் இல்லை

தூண்டிலைத் தண்ணீரில் போடுவதற்கு முன் அவர் ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கு தராசில் மாட்டிப் பார்க்கிறார். பித்தளைக் கல். வெள்ளைத் துணியில் சுற்றிப் பையின் அடியில் வைத்துக் கொண்டுவருவார். தராசு சரியாக ஒரு கிலோ காட்டினால்தான் மண்புழு டப்பாவின் மூடி திறக்கும். மீன் மாட்டுமா என்பதே சந்தேகம், இதில் மாட்டப்போகும் மீனுக்கு ஒரு கிராம்கூடத் தப்பாகிவிடக் கூடாது என்று ஆற்றங்கரைக்குக் கல் சுமந்து வருகிறவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

தராசு பழுது பார்ப்பது அவர் தொழில். கடைத்தெரு முழுவதற்கும் அவர் தராசுக்காரர். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் உள்ளங்கை ஒரு முறை லேசாக மேலும் கீழும் போய்வரும். பக்கத்து வீட்டுக்காரி குழந்தையைக் கொடுத்தால், பேர் கேட்பதற்கு முன்னால் “ஒம்பதரை இருக்கும்” என்பார். மனைவி ஒரு தடவை, “என்னையும் ஒரு நாள் ஏத்திப் பாத்து எழுதி வெச்சுக்குங்க” என்று கிண்டலாகச் சொன்னதற்கு, “உன்னை ஏத்துற தராசு நம்ம கடையில இல்லையே” என்று விவரம் தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் காபி வரவில்லை.

மீன்பிடிக்கப் போன ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் நோட்டில் ஒரு வரி உண்டு. இப்போது நடப்பது ஏழாவது நோட்டு. தேதி, நேரம், தண்ணீரின் நிறம், காற்று, இரை, மீன், எடை, குறிப்பு என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். கடைசிக் கட்டம் சாட்சிக்கு. இவர் பிடித்த மீனுக்கு மைத்துனர் கையெழுத்துப் போடுவார், மைத்துனர் பிடித்ததற்கு இவர். மீன் ஒன்றும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. இருந்தாலும் பதினோரு வருஷமாக அப்படித்தான் நடந்தது.

மைத்துனர் என்றால் மனைவியின் தம்பி, பஸ் டிரைவர். இவர் எவ்வளவு கறாரோ அவர் அவ்வளவு வாய். குறிப்புக் கட்டத்தில் இவர் “நீர் கலங்கல்” என்று எழுதிவிட்டு இரை மாட்டத் திரும்பினால் போதும், பின்னாலேயே டிரைவரின் கிறுக்கல் வந்து உட்கார்ந்துவிடும். “மீனுங்களுக்கு இன்னிக்கு வார லீவு.” “கெண்டை ரெண்டு. ரெண்டும் மச்சான் மேல பாவப்பட்டு வந்து மாட்டுனது.” “காத்தும் இல்ல, மச்சான் வாயில பேச்சும் இல்ல.” தராசுக்காரருக்குக் கோபம் வரும். “குறிப்புன்னா குறிப்பு எழுதணும் மாப்ள, இது என்ன விளையாட்டு நோட்டா” என்பார். இப்போது கடையில் ஆள் வராத நேரத்தில் அவர் எடுத்துப் படிப்பது அந்தக் கிறுக்கல்களை மட்டும்தான். எடைகளைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

டிரைவருக்கு எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை டியூட்டி விழும். அன்று காலை ஏழு பத்துக்கு அவருடைய பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது இரண்டு ஹாரன் கேட்கும். “ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு மீனுக்கு” என்பது டிரைவரின் விளக்கம். மீன் ஓடிப்போகிறது என்று தராசுக்காரர் முணுமுணுப்பார். முணுமுணுத்துக்கொண்டே பாலத்தைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டுவார்.

பதினான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, டிரைவரின் தூண்டிலில் பெரிய மீன் ஒன்று விழுந்தது. இருபது நிமிஷம் இழுபறி. டிரைவரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மீன் கரையோரம் வந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து வயிற்றைக் காட்டியது. தராசுக்காரர் கைவலையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். இன்னும் ஒரு முழம். அப்போது தூண்டில் நரம்பு சட்டென்று லேசானது. மீன் அவசரப்படாமல் திரும்பிப் போயிற்று.

டிரைவர் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தார். அப்புறம், “ரெண்டரைக் கிலோ. எழுதுங்க மச்சான்” என்றார்.

“தராசுல ஏறாதது நோட்டுல ஏறாது மாப்ள.”

“நீங்க பாத்தீங்கல்ல?”

“பாத்தேன்.”

“அப்புறம் என்ன?”

“பாத்தா எடை ஆயிடுமா?”

“இருவது நிமிஷம் இந்தக் கையில இருந்துச்சு. இந்தக் கை பொய் சொல்லுதா?”

தராசுக்காரர் எடைக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்தார். டிரைவர் அதைப் பார்த்தார். எழுந்து கால் மணலைத் தட்டிவிட்டுப் போனார். போனவர் டெப்போவில் சொல்லி வார விடுமுறையைப் புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவருக்கு டியூட்டி. ஒவ்வொரு ஞாயிறும் ஏழு பத்துக்கு அவர் பஸ் பாலத்தைத் தாண்டுகிறது. ஹாரன் மட்டும் இல்லை.

இதுவரை சொன்னது ஊரறிந்த சண்டை. ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அன்று மைத்துனர் மணலில் உட்கார்ந்திருந்தபோது தூண்டிலை எடுத்து நரம்பைச் சுற்றியவர் தராசுக்காரர். நரம்பு நடுவில் அறுந்தால் நுனி நேராக இருக்கும். முடிச்சு நழுவினால் சுருண்டு வரும். இது சுருண்டு வந்தது. முள்ளைக் கட்டிய முடிச்சு காலையில் அவரே போட்டது, “நீ போட்டா நிக்காது, குடு இப்படி” என்று மைத்துனர் கையிலிருந்து பிடுங்கிப் போட்டது. அவர் அந்தச் சுருளைப் பிளேடால் நறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: “நரம்பு அறுந்தது.”

ஏழு நோட்டிலும் அது ஒன்றுதான் பொய். அதற்குப் பக்கத்துக் கட்டத்துக்குத்தான், தராசில் ஏறாதது நோட்டில் ஏறாது என்று நியாயம் பேசினார். அந்தச் சுருள் இப்போது கடையில், மிகச் சின்ன எடைகள் வைக்கும் வெல்வெட் பெட்டியில், காணாமல்போன ஒரு கிராம் எடையின் குழியில் கிடக்கிறது. இடுக்கியால் எடைகளை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

அதற்கப்புறம் நோட்டில் மீன் குறைந்துவிட்டது. குறிப்புக் கட்டம் மட்டும் நிரம்புகிறது. “7.10. ஹாரன் இல்லை.” “7.13. தாமதம். ஹாரன் இல்லை.” ஒரு வாரம், “7.10. ஹாரன் கேட்டது. சைக்கிளுக்கு.” பாலத்தின் இரும்புப் பட்டைமேல் சக்கரம் ஏறி இறங்கும் சத்தத்திலேயே அந்த பஸ் எது என்று அவருக்குத் தெரியும். தலையை நிமிர்த்த மாட்டார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், எழுதுவார். அவருக்கு மைத்துனர் வேண்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தொணதொணவென்று பேசி மீனை விரட்ட அந்த ஆள் வேண்டியிருந்தது. இதைச் சொல்ல ஒரு கட்டம் அவர் நோட்டில் இல்லை.

மனைவி மாதம் ஒரு சனிக்கிழமை தம்பி வீட்டுக்குப் போய்வருவாள். வந்ததும் இவர் ஏதோ திருகாணியைத் தேடுகிறவர் மாதிரி பக்கத்தில் வந்து நிற்பார்.

“உன் தம்பி ஒண்ணும் கேக்கலையா?”

“எதைக் கேக்கணும்?”

“சும்மாதான். ஆத்துல தண்ணி எப்படின்னு...”

“அவன் தினமும் பாலத்து மேலதான் போறான். அவனுக்குத் தெரியாத தண்ணியா?”

இந்த மாதம் அவள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே சேதி வந்துவிட்டது. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். “தம்பிக்கு ரூட்டை மாத்துறாங்களாம். இந்த ஞாயித்துக்கிழமையோட சரி. அப்புறம் அந்தப் பாலத்துப் பக்கமே வரமாட்டான்.”

தராசுக்காரர் “அப்படியா” என்றார். ஒரு தராசைக் கழற்றிப் போட்டிருந்தார். அதை அன்று பூட்டவில்லை. ஹாரன் அடிக்காத பஸ்ஸாவது வந்துகொண்டிருந்தது. அதுவும் நின்றுவிட்டால் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஆறாவது நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தார். “நரம்பு அறுந்தது” என்பதன்மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்தார். அதன் கீழே எழுதினார்: “முடிச்சு அவிழ்ந்தது. முடிச்சு நான் போட்டது.” எடைக் கட்டத்தில் இருந்த சின்னக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். தராசில் ஏறாத மீன் தராசில் ஏறாததுதான், அதில் அவருக்கு இப்போதும் சந்தேகமில்லை. இடுக்கியால் அந்த நரம்புச் சுருளை எடுத்து அந்தக் கட்டத்தில் வைத்துச் செல்லோடேப் ஒட்டினார். சாட்சிக் கட்டத்தில் அன்று போடாத தன் கையெழுத்தைப் போட்டார்.

“இதைத் தம்பிகிட்ட குடுத்துடு” என்று நோட்டை மனைவியின் பையில் வைத்தார்.

“என்னன்னு சொல்லட்டும்?”

“ஒண்ணும் சொல்லவேணாம். பிரிச்சா அந்தப் பக்கம்தான் வரும். நடுவுல பேனா வெச்சிருக்கேன்.”

அவள் பையைத் தூக்கிப் பார்த்தாள். “கனமா இருக்கே” என்றாள். எத்தனை கிராம் என்று அவர் சொல்லவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தவளிடம் நோட்டு இல்லை. வாசலில் வாங்கிவைத்துக்கொண்டான், உள்ளே போய்விட்டான், அவ்வளவுதான் என்றாள்.

ஞாயிறு காலை வழக்கம்போல ஆற்றுக்குப் போனார். ஏழாவது நோட்டை மேஜைமேலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். எடைக்கல்லை மாட்டிப் பார்த்தார், ஒரு கிலோ காட்டியது. புழு மாட்டித் தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் தெளிவு, காற்று கொஞ்சம். எழுத ஒன்றுமில்லாததால் கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன.

பாலத்தின் இரும்புப் பட்டைமேல் சக்கரம் ஏறும் சத்தம் கேட்டது. கடிகாரத்தைப் பார்க்கத் திரும்பிய மணிக்கட்டை அவர் அப்படியே விட்டுவிட்டார். எழுந்து நின்றார். பின்னால் தூண்டில் தக்கை ஒரு முறை அமுங்கி எழுந்தது, அதைப் பார்க்கவில்லை. பதினான்கு மாதத்தில் முதல் முறையாகப் பாலத்தை நிமிர்ந்து பார்த்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, இறக்காமல் வைத்துக்கொண்டார்.