நூற்று அறுபத்து நாலாவது கார்ஷோம்

நடந்த கதை என்று ஆரம்பித்துப் பாதியை இட்டுக்கட்டுகிறவர்கள் உண்டு. இதில் அந்த வேலை கிடையாது. ஹெஸ்டர் கார்ஷோம் இதை மூன்று பேரிடம்தான் சொன்னாள். மூன்று பேரிடமும் மணி, நிமிடம் மாறாமல் சொன்னாள். முப்பது வருஷம் தபாலாபீசில் ஊர் வாரியாகக் கடிதம் பிரித்து அடுக்கியவள் அவள். நேரத்தையும் பெயரையும் அவள் தப்பாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

1986, ஜனவரி பதினாறு, வியாழக்கிழமை. யார்க்‌ஷயரின் வடக்கே ஒரு பள்ளத்தாக்குச் சர்ச். பகல் மணி இரண்டு ஐம்பது. பாதி மழையும் பாதி பனியுமாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

சர்ச் சாவியை வைத்திருந்தவள் ஈனிட் ரேஸ்ட்ரிக். மலைக்கு அந்தப்புறத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வாய் கொஞ்சம் நீளம்.

"வர்ற செவ்வாய்க்கிழமை உன் நெஞ்சைத் திறக்கப் போறாங்க. இன்னைக்குப் போய்ப் பழைய புஸ்தகத்தைக் கிளற வந்துட்டியாடி?"

"ஒரே ஒரு பக்கம் பாக்கணும், ஈனிட்."

"எனக்குத் தெரிஞ்ச நாளா ஒரே ஒரு பக்கம்தான் பாக்குறே. செத்தவங்களை எண்ணின நேரத்துல உசுரோட ஒருத்தனைப் பிடிச்சிருந்தா இந்நேரம் பேரன் எடுத்திருக்கலாம்."

"எடுத்திருந்தா பேரு மாறியிருக்குமே. அப்புறம் கார்ஷோம்னு யாரு இருப்பா?"

"இருந்து என்னத்தைச் சாதிச்சுது அந்தப் பேரு?"

ஹெஸ்டர் சுவரில் சாய்ந்து நின்றாள். படி ஏறியதில் மூச்சு வாங்கியது. ஐம்பத்து மூன்று வயதுதான். ஆனால் அன்றைக்கு அவளைப் பார்த்தவர்கள் எழுபது என்றிருப்பார்கள்.

கார்ஷோம் என்ற குடும்பப் பெயர் உலகத்தில் அந்தப் பள்ளத்தாக்கைத் தவிர வேறெங்கும் முளைத்ததில்லை. ஹெஸ்டரின் அப்பா நார்மன் ரயில்வே சிக்னல்காரர். அந்தப் பெயரோடு பிறந்த ஒவ்வொருவரையும் தேடி, ஆளுக்கு ஓர் அட்டை போட்டு, பிறந்த வரிசைப்படி எண் கொடுத்து, பெட்டியில் அடுக்கினார். சுவரில் ஒரு வரைபடம், அதில் குண்டூசிகள். பன்னிரண்டு மைலுக்குள் எல்லா ஊசியும் நெருக்கியடித்து நிற்கும். ஹல் துறைமுகத்தில் ஐந்து. கனடாவில் இரண்டு. அவ்வளவுதான்.

இந்த வேலை செய்கிறவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. ஒருவர் பிறந்த பதிவு கிடைத்தால் போதாது, அடக்கமான பதிவும் கிடைக்க வேண்டும். கிடைத்ததும் அட்டையில் சிலுவை போட்டு மூடுவார்கள். அதற்கு 'ஆளைக் கொல்வது' என்று பெயர். "இன்னைக்கு ரெண்டு பேரைக் கொன்னுட்டேன், ஏடா" என்று மனைவி ஏடாவிடம் சொல்லிக்கொண்டே நார்மன் உருளைக்கிழங்கின் மேல் குழம்பை ஊற்றிக்கொள்வார்.

அவர் போனபின் ஹெஸ்டர் அதைத் தொடர்ந்தாள். கடைசிக் கணக்கில் உயிரோடு இருந்தவர்கள் இரண்டே பேர். ஹெஸ்டர். அவள் தம்பி லயனல்.

லயனலுக்கு ஐம்பது வயது. மனதில் ஐந்து வயது. பிறந்தபோதே அப்படி. சின்ன வயதில் இரண்டு வருஷம் அவனை நாற்பது மைல் தள்ளி, மேட்டுக்காட்டில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் போட்டு வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபின் ஒரு வருஷம் அவன் பேசவில்லை. அன்று முதல் ஹெஸ்டர்தான் எல்லாம். ஆபரேஷனுக்காக இப்போது ஐந்து மைல் தள்ளி, சந்தை ஊரில் ஒரு சிறிய இல்லத்தில் விட்டிருந்தாள். அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். 'உங்களுக்குப் பின் இவருக்கு உறவினர் யார்?' அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. காலியாக இருந்து, ஹெஸ்டரும் ஆபரேஷன் மேஜையில் போய்விட்டால், லயனல் மறுபடி அந்த மேட்டுக்காட்டுக்குத்தான்.

அதனால்தான் அவள் வந்தாள். ஓர் அட்டை குறைந்தது.

நூற்று அறுபத்து மூன்று இருக்கிறது. நூற்று அறுபத்தைந்து இருக்கிறது. நடுவில் இல்லை. முன்பு ஒருமுறை கேட்டதற்கு, "எண்ணு தாவிப்போச்சும்மா" என்றார் அப்பா. நம்பினாள். அடுத்த வீட்டுக்காரர் எழுதினதை நூறு தடவை சந்தேகப்படுவார்கள், சொந்த அப்பா எழுதினதை யாரும் சரிபார்ப்பதில்லை. போன வாரம் படிவத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. நாற்பது வருஷத்தில் ஒரு சிக்னல்கூடத் தவறாமல் போட்ட மனிதர். எண் எப்படித் தாவும்?

1925க்கும் 1927க்கும் நடுவில் பிறந்த ஒரு கார்ஷோம். எங்கேயோ உயிரோடு இருக்கலாம். கையெழுத்துப் போடலாம்.

மூன்று மணி ஐந்து நிமிடம். பாதிரியார் உடை மாற்றும் சின்ன அறையில், இரும்புப் பெட்டியிலிருந்து ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள் ஈனிட். "நான் வாசல்ல உக்காந்து பித்தளை துலக்குறேன். மயக்கம் வந்தா கத்து. கத்த முடியலைன்னா எதையாவது கீழ தள்ளு" என்றுவிட்டுப் போனாள்.

ஒற்றைக் கம்பி ஹீட்டர். கால் மட்டும் சுட்டது. ஹெஸ்டர் மெல்ல மெல்லப் பக்கம் திருப்பினாள். கண் சொருகியது. முப்பத்தைந்து வருஷமாகச் சேர்ந்த தூக்கம்.

மூன்று இருபத்திரண்டு. 1926 என்ற வருஷம் கண்ணில் பட்டது.

க்ளிக்.

கதவின் கொண்டி.

உள்ளே ஒருத்தி வந்தாள். அறுபது வயது இருக்கும். நரைத்த முடி. பழைய நீலக் கோட்டு. வந்தவள் நேராக வந்து, திறந்திருந்த பக்கத்தின் மேல் கையை வைத்தாள்.

"என்னைத்தானே தேடுறே?" என்றாள்.

"நீங்க யாருங்க?"

"கார்ஷோம்தான். உன் பெட்டியில இல்லாதவ."

ஹெஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நூத்தி அறுபத்து நாலா?"

"அப்பா அட்டை எழுதினாரு. பெட்டியில போட மனசு வரலை."

அப்பா... அந்தச் சொல் ஹெஸ்டருக்கு எட்டியது. ஓ, அப்படியா சங்கதி! கல்யாணத்துக்கு முன்னே எங்கேயோ ஒரு பிள்ளை. அதனால்தான் ஒளித்து வைத்திருக்கிறார். வேறொரு நாளாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பாள். அன்று அதற்குக்கூடத் தெம்பில்லை. அக்கா ஒருத்தி இருக்கிறாள். உயிரோடு. அது போதும்.

"உக்காருங்க அக்கா" என்று ஃபிளாஸ்கைத் திறந்து இரண்டு கோப்பையில் டீ ஊற்றினாள்.

மூன்று முப்பது.

"லயனல் இன்னும் பாலை ஆடையோடதான் குடிக்கிறானா?"

"ஆமா... உங்களுக்கு யாரு சொன்னா?"

"பாத்திருக்கேனே."

ஹெஸ்டர் தன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆவி பறந்தது.

எதிரே இருந்த கோப்பையில் ஆவி இல்லை.

அதே ஃபிளாஸ்க். அதே டீ.

வெளியே சடசடவென்று பனிமழை. அக்காவின் கோட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஹெஸ்டர் கீழே பார்த்தாள். அக்காவின் காலில் பட்டை வைத்த சிறிய சப்பாத்துகள். கால் மாற்றிப் போட்டிருந்தாள். இடதில் வலது. வலதில் இடது.

பாவம், நம்மைப் போலவே களைத்தவள் என்று நினைத்துக்கொண்டாள். கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தாள்.

"இதுல மட்டும் ஒரு கையெழுத்து, அக்கா. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அவனைப் பாத்துக்குவேன்னு."

"எழுத வராது எனக்கு."

"ஒரு கோடு போட்டாலும் போதும்."

"நீ வாயால சொல்லு. அது போதும்."

"என்ன சொல்ல?"

"கூட்டிக்கோன்னு."

மூன்று ஐம்பது. மணிக்கூண்டுக் கடிகாரம் மேலே ஓடிக்கொண்டிருந்தது. டக்... டக்...

"இப்பவேவா?"

"எனக்கு அவன்னா ரொம்ப ஆசை. நீ விடவே மாட்டேங்கிறே."

அது பெரியவர்கள் பேசுகிற பேச்சாக இல்லை. அப்போதே எழுந்திருக்க வேண்டும். ஹெஸ்டரும் பின்னால் அதையேதான் சொன்னாள். ஆனால் முதுகு நாற்காலியோடு ஒட்டிப்போயிருந்தது. யாராவது ஒருவர் ஒரே ஒரு நாள் இந்தச் சுமையை வாங்கிக்கொண்டால் போதும் என்றிருந்தது.

"கூட்டிக்கோ அக்கா. எனக்கு முடியலை."

அக்கா சிரித்தாள். முன்பல் இரண்டும் பால்பல்.

டக்...

கையை எடுத்தாள்.

டக்...

நாற்காலி காலி.

கொண்டி அசையவில்லை. கதவு திறக்கவில்லை.

மூன்று ஐம்பத்திரண்டு.

ஹெஸ்டர் குனிந்து பக்கத்தைப் பார்த்தாள். பாதிரியாரின் சாய்ந்த எழுத்து. 1926, ஏப்ரல் பதினொன்று. தந்தை நார்மன் கார்ஷோம், சிக்னல்காரர். தாய் ஏடா.

பிள்ளையின் பெயர்...

ஹெஸ்டர்.

அவள் பெயர். அவள் அப்பா. அவள் அம்மா. அவள் பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்னால்.

கார்ஷோம்களின் பழைய வழக்கம் அவளுக்குத் தெரியாததல்ல. ஒரு பிள்ளை இறந்துவிட்டால் அடுத்து ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று பிறக்கிற பிள்ளைக்கு அதே பெயரை வைப்பார்கள். அவள் பெட்டியிலேயே ஐந்து ஜோடி உண்டு. ஒரே தாய் தகப்பனுக்கு ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் என்றால் அர்த்தம் ஒன்றுதான். ஐந்து தடவையும் யோசிக்காமல் அவளே சிலுவை போட்டிருக்கிறாள்.

முதல் பிள்ளை செத்துவிட்டது.

"ஈனிட்!"

ஈனிட் ஓடி வந்தாள். கையில் துலக்கின விளக்கு.

"இப்ப வெளிய போனாளே... எந்தப் பக்கம் போனா?"

"யாரு?"

"நீலக் கோட்டு..."

"வாசல்லதானேடி உக்காந்திருக்கேன். ஈ காக்கா வரலை. நீ தனியாப் பேசிக்கிட்டிருந்தே. சரி, ஜெபம் பண்றேன்னு நினைச்சு விட்டுட்டேன்."

மேஜையில் இரண்டு கோப்பை. ஒன்றில் டீ மேலே மெல்லிசாகப் பனிக்கட்டியாய் உறைந்திருந்தது.

ஈனிட் அதைத் தொட்டுப் பார்த்தாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

பக்கத்தில் டெலிபோன் இருந்தது ஈனிட் வீட்டில்தான். சரிவில் இறங்கி ஓட வேண்டும். ஹெஸ்டர் ஓடினாள். நெஞ்சு வெடித்தாலும் வெடிக்கட்டும் என்று ஓடினாள். நாலு பதினெட்டுக்கு இல்லத்தின் எண்ணைச் சுழற்றினாள்.

எடுத்தது பிரையோனி. லயனலைப் பார்த்துக்கொள்ளும் பெண். அழுதுகொண்டிருந்தாள்.

"உங்களுக்குத்தான் போட்டுக்கிட்டே இருந்தேம்மா, வீட்ல யாரும் எடுக்கலை... லயனல்... நாலு பத்துக்கு..."

"சொல்லும்மா."

"தூங்கிட்டாருன்னுதான் நினைச்சேன். மூச்சு இல்லைம்மா. வலியெல்லாம் ஒண்ணும் படலை, சத்தியமா. சிரிச்ச முகமா இருக்காரு. கடைசியா உங்க அக்காவைப் பாத்துட்டாரே, அந்தச் சந்தோஷம்..."

ஹெஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா எப்ப வந்தா?"

"மூணு ஐம்பத்தஞ்சு. உங்க மூஞ்சி அப்படியே. பேரைக் கேட்டேன், ஹெஸ்டர்னாங்க. நான் உங்க தங்கச்சி பேரைக் கேக்கலைங்க, உங்க பேரைத்தான் கேக்குறேன்னேன்... சிரிச்சாங்க. லயனல் ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாரு. தெரிஞ்சவங்க மாதிரி. ஜன்னல் பக்கம் போய் உக்காந்தாங்க ரெண்டு பேரும். டீ எடுத்துட்டு வர்றதுக்குள்ள..."

சர்ச்சிலிருந்து அந்த ஊருக்கு ஐந்து மைல். அன்று மூன்று மணிக்கே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நடந்தது. கண் விழித்தபோது டாக்டர் கட்டிலருகே நின்றார். "பயந்த அளவுக்கு ஒண்ணுமே இல்லைம்மா. இன்னும் இருபது வருஷம் ஜம்முனு இருப்பீங்க" என்றார். ஹெஸ்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்தச் சர்ச்சின் அடக்கப் புத்தகத்தில் முதல் ஹெஸ்டர் இல்லை. ஈனிட்தான் தன் பிறந்த ஊர்ப் பக்கம் விசாரித்தாள். மார்ச் மாதக் கடைசியில், மலைக்கு அந்தப்புறம் ஏடாவின் பிறந்த ஊர்ச் சர்ச்சிலிருந்து கடிதம் வந்தது. ஏடா பிள்ளையோடு தாய்வீட்டுக்குப் போயிருந்த இடத்தில் பிள்ளை இறந்து, பனியில் பாதை அடைபட்டதால் அங்கேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். ஈனிட் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஹெஸ்டர் அதைச் சத்தமாகப் படித்தாள்.

"ஹெஸ்டர் கார்ஷோம். 1930, ஜனவரி ஒன்பது. வயசு மூணே முக்கால்."

"மூணே முக்காலா? அன்னைக்கு வந்தவளுக்கு அறுபது வயசுன்னியே?"

"ஆமா. தலையெல்லாம் நரைச்சிருந்துச்சு. கையில நரம்பு புடைச்சிருந்துச்சு."

"அப்ப அது..."

"அவதான். அதுல சந்தேகமே இல்லை." ஹெஸ்டர் கடிதத்தை மடித்தாள். "எனக்குப் புரியாதது ஒண்ணுதான், ஈனிட். இந்த ஐம்பத்தாறு வருஷமும் எங்க இருந்து அவளுக்கு வயசாச்சு? யார் வீட்டுல?"

ஈனிட் எழுந்து போய் வாசல் கதவைத் தாழ் போட்டாள்.

அப்போது காலை மணி பதினொன்று இருபது.