அப்பா சொன்ன ‘ஓஹி’

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர் பலருக்கு அப்பாவின் கிரேக்கக் கதை ஒரு வேடிக்கை. எனக்கோ இன்று நினைத்தாலும் மெய்சிலிர்க்கிறது. அதனால் அதைத்தான் எழுதப் போகிறேன், சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

அப்பா மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். பால்மரம் சீவும் குடும்பம். கஷ்டம் தாங்காமல் இளவயதிலேயே சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனார். கிரேக்க நாட்டுத் துறைமுகமான பிரேயஸில் குடல்வால் அறுவைக்காக அவரை இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. நாதியற்று நின்றவரை வீட்டில் வைத்துச் சோறு போட்டவர், அங்கிருந்த ஒரு சின்ன சோசலிசக் கட்சியின் தலைவர். அப்பா அவரை ‘அண்ணே’ என்றே கூப்பிட்டார்.

ராணுவ ஆட்சி விழுந்தபின் துறைமுகத் தொழிலாளர்களும் சில ஆசிரியர்களும் சேர்ந்து தொடங்கிய கட்சி அது. மீன்கடை மாடியில் ஓர் அறைதான் அலுவலகம். ஒரு தேர்தலிலும் ஜெயித்ததில்லை.

“மச்சான், உங்க கட்சி ஆளுங்க எல்லாரையும் ஒரே வேன்ல ஏத்திரலாம் லா!” என்று மாமா கிண்டலடிப்பார்.

“ஏத்தலாம். ஆனா யாரு ஓட்டுறதுன்னு முதல்ல ஓட்டெடுப்பு வைக்கணும்” என்பார் அப்பா.

வெளிநாட்டவருக்கும் அந்தக் கட்சிக்குள் ஓட்டு உண்டு. ஆளுங்கட்சியோடு இணைந்துவிடலாமா என்று ஒருநாள் வாக்கெடுப்பு வந்தது. இணைந்தால் தலைவருக்கு மந்திரி பதவி உறுதி. ஒவ்வொருவராக வாயால் சொல்ல வேண்டும். கிரேக்க மொழியில் ‘நே’ என்றால் ஆம். ‘ஓஹி’ என்றால் இல்லை. கடைசியாக அப்பாவின் முறை. ஒரு வார்த்தை பேசலாமா என்று கேட்க நினைத்தவர், பழக்க தோஷத்தில் தலைவரைப் பார்த்து “அண்ணே...” என்றார். கூட்டத்தின் காதில் விழுந்தது ‘நே’ மட்டும்! அந்த ஒரே ஓட்டில் இணைப்பு நிறைவேறியது. கைதட்டல், கட்டிப்பிடிப்பு, ஆனந்தக் கண்ணீர். அப்பா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

“எல்லாரும் கைதட்டிக்கிட்டு இருந்தாங்கம்மா. இருந்தாலும் எந்திரிச்சேன். நான் அவரைக் கூப்பிட்டேன், ஆமான்னு சொல்லல, என் ஓட்டு ஓஹின்னு சொல்லிட்டேன்” என்பார்.

தலைவர் அப்பாவின் ஓட்டை ‘ஓஹி’ பக்கம் எழுதச் சொன்னாராம். பிறகு தம் வாயாலேயே முடிவை மாற்றி அறிவித்தாராம். கட்சி தனியாகவே நின்றது. அடேயப்பா, எப்பேர்ப்பட்ட மனிதர்கள்!

ஊர் திரும்பிய அப்பா ஈப்போவில் லாரி ஓட்டி எங்களை வளர்த்தார். யாரையும் ஏமாற்றியதில்லை, கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம். ஆனால் தலைவரை நினைத்துக் கூசி, அவரோடு தொடர்பையே விட்டுவிட்டார். மருத்துவமனைப் படுக்கையிலும், “சோறு போட்டவரு வாழ்க்கையைக் கெடுத்துட்டேனாம்மா?” என்றுதான் கேட்டார்.

அப்பாவைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், துக்க நாட்களில் எங்களுக்குச் சமைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். என் தம்பி இணையத்தில் தலைவரின் எண்ணைத் தேடிப் பிடித்து, போன மாதம் கிரேக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தான். தலைவர் பழுத்த கிழவராக இருக்கிறார். கட்சியும் இருக்கிறது. பதவி போனதில் அப்பாமீது வருத்தமா என்று கேட்டேன். அவருடைய மகள் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்ன பதில் இது: “அன்று என் மனதிலும் ‘வேண்டாம்’தான் இருந்தது. சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. உங்கள் அப்பா எனக்கும் சேர்த்துச் சொன்னார்.”

அந்த வாரமே படையல் வைத்து, அப்பாவின் படத்துக்கு முன் நின்று இதைச் சத்தமாகச் சொன்னேன். தம்பி தேம்பி அழுதான்.

“இனிமேதான் அவரு நிம்மதியா சாப்பிடுவாரு” என்று சொல்லி, அம்மா இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.