ஆறு கசெட்டுகளின் கடைசி நிமிடங்கள்

1. அவுஸ்திரேலியாவிலிருந்து அண்ணா எனக்கு ஒவ்வொன்றாக ஆறு கசெட்டுகள் அனுப்பினான்.
2. ஆறிலும் அந்த நாட்டு இசைக்குழு ஒன்றின் வெளியீடுகள், வெளிவந்த வரிசையிலேயே பதிவாகியிருந்தன.
3. நான் அவற்றுக்கு ஓர் அட்டவணை போட்டேன்.
4. முதல் ஐந்து கசெட்டுகளின் கடைசியில் மிஞ்சியிருந்த வெற்று நாடாவில், அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய பேச்சைப் பேசிப் பழகினேன்.
5. அது வெற்று நாடா இல்லை.

அப்போது நான் இத்தாலியில், பலெர்மோ நகரின் சீசா என்ற பகுதியில், மன்னார் அக்கா ஒருவருடன் ஓர் அறையில் இருந்தேன். தொலைபேசி இல்லாத வீடு. ஊரில் ரேடியோ, தொலைக்காட்சி திருத்தும் டிப்ளோமா முடித்தவள் நான். இங்கே பொலிதேயாமா பக்கம் ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலியச் சீமாட்டியின், வீட்டில் நிலம் துடைத்து, உடுப்பு மினுக்கினேன். ஒருமுறை அவருடைய பழுதான ரேடியோவைத் திருத்திக் கொடுத்தேன். மிகவும் சந்தோஷப்பட்டார். இனி அதைத் தூசு தட்டும்போது கவனமாகத் தட்டு என்றார்.

அண்ணா மெல்பேணில் ஒரு வெள்ளைக்காரனுடன் வீடு பகிர்ந்திருந்தான். அந்தக் குழுவின் இசைத்தட்டுகள் எல்லாம் அவனிடம் இருந்தன. அண்ணாவுக்குக் கடிதம் எழுதப் பஞ்சி. அதனால்தான் கசெட் அனுப்புகிறான் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான். ஆனால் அதை முழுதாக யோசிக்கவில்லை.

என் அட்டவணையில் பாட்டின் பெயர், நிமிடம், நாடா ஓடிய அளவைக் காட்டும் கவுண்டர் எண், குறிப்பு என நான்கு நிரல்கள். முதல் வெளியீட்டில் நான்கே பாட்டுகள். கிட்டார் முன்னுக்கு நிற்கும், டிரம்ஸ் அடிப்பவர் மூச்சு வாங்குவது போலிருக்கும். அடுத்ததில் ஒரு மூலையில் சிந்தசைசர் நுழைகிறது. மூன்றாவது இசைத்தட்டில் டிரம்ஸ் அடிப்பது மனிதன் இல்லை; அடிக்கும் அடிக்கும் இடையில் உள்ள நேரம் மாறவே இல்லை. அண்ணா அட்டையில் எழுதி அனுப்பிய குழுவினரின் பெயர்களும் ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்திருந்தன. வியாழன் பின்னேரங்களில் எனக்கு லீவு. அக்கா கோயிலுக்குப் போய்விடுவார். மூன்று பேர் ஐந்து பேரின் சத்தத்தை உண்டாக்குவதைக் கேட்டுக்கொண்டு தனியே இருப்பேன்.

பிறகு அட்டவணையின் ஒரு பிரதியை அண்ணாவுக்கு அனுப்புவேன். எந்தப் பாட்டின் நேரத்தை அட்டையில் பிழையாக எழுதியிருக்கிறான் என்றும் குறிப்பேன்.

ஊரில் அம்மா இருந்த பக்கம் தொலைபேசி வேலை செய்யவில்லை. எங்கள் ஆட்கள் கசெட்டில் பேசி, கொழும்புக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். மற்றவர்கள் பொத்தானை அமத்தி, அழுகையோ சிரிப்போ வந்தபடி பேசுவார்கள். எனக்கு அது முடியாது. என் குரல் நடுங்கினால் அம்மா நித்திரை கொள்ளமாட்டார். ஆகவே குறிப்பு எழுதி, நடுக்கம் போகும்வரை பேசிப் பழகிய பிறகுதான் புதுக் கசெட்டில் பதிவேன். பழகுவதற்கு அண்ணாவின் கசெட்டுகள் வசதியாக இருந்தன. கடைசிப் பாட்டு எந்த எண்ணில் முடிகிறது என்பது அட்டவணையிலேயே இருந்தது. அந்த எண்ணுக்கு ஓட்டிவிட்டுப் பதிவுப் பொத்தானை அமத்துவேன். அதற்கப்பால் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டுப் பார்க்கவில்லை.

ஆறாவது கசெட் வந்த வியாழன், அக்கா வீட்டில் நின்றார்.

"உந்தப் பாட்டுக்காரனுக்குத் தடிமனோ பிள்ளை? மூக்காலை பாடுறான்" என்றார்.

"அக்கா, அது ஸ்டைல்."

"ஓம் ஓம், ஸ்டைல். கொஞ்சம் கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தால் ஸ்டைல் போயிடும்."

நான் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் ஈரம். கடைசிப் பாட்டு முடிந்ததும், வழக்கமாகச் செய்வதுபோல உடனே போய் நிறுத்த முடியவில்லை.

"எடியே, ஓடி வா! உன்ரை பாட்டுக்காரன் தமிழ் கதைக்கிறான்!"

போய் நின்றேன். அண்ணாவின் குரல்.

"...உன்ரை லிஸ்ட் கிடைச்சுது தங்கச்சி. மூண்டாம் பாட்டு நாலு நிமிஷமில்லை, நாலேகால் எண்டு எழுதியிருக்கிறாய். நல்லது. நான் கேட்டதுக்கு மட்டும் ஒரு சொல்லும் இல்லை. அஞ்சு கசெட்டிலையும் கேட்டுட்டன். உனக்கு விருப்பமில்லைப் போலை. இந்தக் கிழமையோடை இந்த வீட்டை விடுறன். பார்சலிலை பழைய விலாசந்தான் இருக்கும். புதுசு போன கசெட்டிலை சொன்னதுதான். அதுக்கு எழுது. எழுதாட்டில் நான் இனிக் கரைச்சல் தரமாட்டன். இவங்கடை பாட்டும் இதோடை முடிஞ்சுது."

பிறகு நாடாவின் இரைச்சல் மட்டும்.

"கொண்ணன் என்னடி கேட்டவன்?" என்றார் அக்கா.

"தெரியாது அக்கா."

"தெரியாதோ? அஞ்சு தரம் கேட்டிருக்கிறான்."

ஐந்தாவது கசெட்டைப் போட்டேன். கடைசிப் பாட்டுக்குப் பிறகு என் குரல், நடுக்கம் இல்லாமல், மிகத் தெளிவாக வந்தது: "அண்ணாவும் சுகம் அம்மா. அடிக்கடி என்னோடை கதைக்கிறவன்."

அக்கா என் தலையைத் தடவினார். நான் திருப்புளி எடுத்து ரெக்கோர்டரைத் திறந்தேன். நாடா உரசிப் போகும் வழியில், பதியும் தலைக்கு முன்னால் அழிக்கும் தலை இருக்கிறது. பழையதைத் துடைத்துவிட்டுத்தான் புதியது பதியும். இது எனக்குப் பரீட்சையில் வந்த கேள்வி. இருந்தும் வாசிக்கும் தலையின் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, நாடாவின் ஓரத்தில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று ஐந்து கசெட்டிலும் தேடினேன். நாலாவதில் மட்டும் என் பேச்சு முடிந்த பிறகு அவன் குரலில் ஒரு துண்டு இருந்தது: "யோசிச்சுச் சொல்லு, அவசரமில்லை."

பழைய விலாசத்துக்கு நடந்ததை எல்லாம் எழுதினேன். கடிதம் திரும்பி வந்தது.

அம்மாவிடம் புது விலாசம் இருக்கலாம். கேட்டு ஒரு கசெட் கொடுத்துவிட்டிருக்கிறேன். இந்த முறை பழகிப் பார்க்கவில்லை. இரண்டு இடத்தில் குரல் நடுங்கியது, அப்படியே விட்டுவிட்டேன். ஆறாவது கசெட்டில் இனி யாரும் பதிய முடியாதபடி அதன் விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிட்டேன். அம்மாவிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அண்ணா என்ன கேட்டான் என்று எனக்குத் தெரியாது.