பலகைச் சாலையில் ஒரு மரியாதைக்காரர்

ஆர்வல் டிஸ்டேல் லாரியை, வண்டிகள் விலகி நிற்கும் ஒதுக்கிடத்தில் நிறுத்திவிட்டு, அதன் முகப்பின் மேல் ஏறி நின்று கிழக்கே பார்க்கிறார். மணல் குன்றுகளின் மேல் மரப்பலகைகளை இணைத்துப் போட்ட சாலை. ஒரு வண்டி போகத்தான் அகலம். எதிரே தூசி தெரிந்தால் இறங்கி லாரி நிழலில் உட்கார்ந்துவிடுவார். ஹோல்ட்வில்லிலிருந்து யூமா சந்தைக்குப் போகிற முலாம்பழம் பின்னால் வெந்துகொண்டிருக்கும்.

"என்னண்ணே, பழமெல்லாம் ஜாம் ஆயிடுச்சா?" என்பான், உடைந்த பலகைகளை மாற்றுகிற வில்லிஸ்.

"அவங்க முதல்ல போகட்டும்ப்பா. நமக்கென்ன அவசரம்?"

நடுவழியில் இரண்டு வண்டிகள் மாட்டிக்கொண்டால், ஒதுக்கிடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னுக்கு ஓட்டி வழிவிட வேண்டும். இதற்காகக் கைகலப்பெல்லாம் நடந்திருக்கிறது. ஆர்வலோடு மட்டும் யாருக்கும் தகராறு வந்ததில்லை. "உங்க வீட்டுக்காரர் மாதிரி மரியாதை தெரிஞ்சவர் இந்தப் பக்கத்துலயே கிடையாது" என்று தேவாலயத்தில் சொல்லக் கேட்டு அவர் மனைவி லியோட்டா பூரித்துப்போகிறாள். பக்கத்தில் நிற்கிற ஆர்வலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. அவருக்கு வண்டியைப் பின்னுக்கு ஓட்ட வராது. திரும்பிப் பார்த்தாலே வலது எது, இடது எது என்று மறந்துவிடும். வீட்டு முற்றத்தில் பழகிப் பார்த்த அன்று கோழிக்கூண்டை இடித்துத் தள்ளிவிட்டு, காற்றில் விழுந்ததாக லியோட்டாவிடம் புளுகினார்.

போன வாரம் காற்று மணலை வாரி இறைத்தது. எதிரே வருவது எதுவும் தெரியவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பியவர், பாதி மேட்டில் ஒரு பெண்ணின் காருக்கு நேர் எதிரே போய் நின்றார். அவள் பக்கத்தில் ஒரு குழந்தை காய்ச்சலில் துவண்டு கிடந்தது. அவளுக்குப் பின்னால் நாலைந்து கார்கள்.

"ஒதுக்கிடம் உங்க பின்னாலயே இருக்குங்க. சீக்கிரம் எடுங்க, பிள்ளையை டாக்டர்கிட்ட காட்டணும்."

ஆர்வல் இறங்கி வந்தார். அதற்குள் அவளுக்குப் பின்னால் இருந்த கார்க்காரர்களும் இறங்கி வந்துவிட்டார்கள்.

"எனக்கு வண்டியைப் பின்னுக்கு ஓட்ட வராதும்மா."

"விளையாடாதீங்க. மரியாதைக்காரர் டிஸ்டேல் நீங்கதானே?"

"அது மரியாதை இல்லம்மா. பயம்."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு லாரியில் ஏறினாள். லாரி ஒரே சீராகப் பின்னுக்குப் போயிற்று.

அத்தனை பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்வல் தொப்பியைக் கழற்றிக் குழந்தையின் முகத்துக்கு நிழலாகப் பிடித்தார்.