அரைஞாண் கயிற்றுக்குப் பஞ்சு

அரியலூருக்கு முன்னால் தஞ்சாவூர் பஸ் பஞ்சராகி நிற்கிறது. அது குலுங்கியதில் என் மடியிலிருந்த பஞ்சு முழுக்க ஜன்னல் வழியே பறந்துவிட்டது. மிஞ்சியது தக்ளியும் அதில் பாதி சுற்றிய நூலும்தான். பள்ளிக்கூடத்தில் பிடித்த தக்ளிப் பைத்தியம், பஸ்ஸிலும் விடுவதில்லை.

கீழப்பழுவூரில் இன்று அண்ணன் மகளுக்குத் தொட்டில் போடுகிறார்கள். எங்கள் வீட்டு வழக்கப்படி குழந்தையின் அரைஞாண் கயிறு அத்தை கையால் நூற்றதாக இருக்க வேண்டும். பெயரையும் அத்தையே யோசித்து, முதலில் குழந்தையின் காதில்தான் சொல்ல வேண்டும். அதுவரை பெற்றவர்களுக்குக்கூடத் தெரியக் கூடாது. முதல் முறையாக அத்தையாகியிருக்கிறேன், எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சாலையோரம் பருத்தி எடுக்கிற பெண்ணிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொல்கிறேன்.

“மொத மருமவளா? மடியப் புடிங்க!” என்று இரண்டு கையாலும் அள்ளிப் போடுகிறாள்.

பஸ்ஸே இறங்கி வந்து பருத்தியில் கொட்டை எடுக்கிறது. விசிலை வாயில் கவ்வியபடி கண்டக்டரும் பிய்த்துத் தருகிறார். நான் நின்றபடியே தக்ளியைச் சுழற்றுகிறேன். இழை அறாமல் இறங்குகிறது. போதும், கயிறு திரித்துவிடலாம்!

பஸ் நகரும்போது அந்தப் பெண் கத்துகிறாள்: “புள்ளைக்கு என்னா பேருங்க?”

“செந்தாமரை!” ஜன்னலில் தலையை நீட்டிக் கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

கீழப்பழுவூர் ஸ்டாப்பில் அண்ணன் காத்து நிற்கிறான். கண்டக்டர் படியில் நின்று முழங்குகிறார்: “செந்தாமரையோட அத்தை, எறங்குங்க!”