செவ்வந்தி மாலையும் பச்சைக் காரும்: தாப்பாவிலிருந்து கம்போங் ராஜா வரை

போன மாதம் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டு எழுதியிருந்தார்கள். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு ஏற முடியுமா? முடியும். நானே ஏற்றியிருக்கிறேன். எண்பத்து நான்காம் ஆண்டு, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில், தாப்பாவில் புறப்பட்டு கம்போங் ராஜா வரை. அப்போது சிம்பாங் பூலாய் சாலை கிடையாது. மலைக்கு மேலே போக இருந்தது இந்த ஒரு வழிதான். காரின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். எழுதினால் விலை கேட்டு ஆள் வருவார்கள். விற்கிற எண்ணம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அப்போது நான் தானா ராத்தாவில் ஆசிரியை. என் கணவர் கதிரேசன் கம்போங் ராஜாவில் காய்கறி வியாபாரம் செய்தார். சொந்தமாக ஒரு லாரி இருந்தது. ரிங்லெட்டுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன கார் அது. தேயிலைப் பெட்டிகள் அடுக்கும் கொட்டகையில் பல வருஷம் கிடந்து, கோழி முட்டையிடும் இடமாகிவிட்டிருந்தது. எழுபதுகளின் கடைசியில் முட்டைக்கோஸ் ஏற்றப் போன இவர், முட்டைக்கோஸுக்குப் பதிலாக அதை ஏற்றிக்கொண்டு வந்தார். அன்று நான் இவரிடம் பேசவில்லை.

சரிசெய்து முடிக்க நான்கு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. உடம்பின் உள்சட்டம் மரம். கரையான் தின்றது போக மிச்சத்தை அளவுக்கு வைத்துக்கொண்டு, புது மரத்தில் இழைத்தார். கம்பிச் சக்கரங்களுக்குக் கம்பி பூட்டியவர் கம்பாரில் சைக்கிள் கடை வைத்திருந்த சீனர். லாரிக்கு வைத்திருந்த ஸ்பேனர் ஒன்றுகூட இந்தக் காரின் நட்டுகளுக்குப் பொருந்தவில்லை. எல்லாம் பழைய இங்கிலீஷ் அளவு. கடைசியில் தேயிலை பேக்டரியில் கிடைத்தது. அங்கே இலை உருட்டும் இயந்திரங்களும் அதே காலத்து இங்கிலாந்து இயந்திரங்கள்தானே, அதே அளவு ஸ்பேனர். ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்து திங்கள் விடியுமுன் திருப்பிக் கொடுப்போம். இரண்டு கார்புரேட்டரும் ஒரே மாதிரி மூச்சு விடுகின்றனவா என்று பார்க்க, காய்க்கு மருந்தடிக்கும் பம்பின் ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்போம். எனக்குக் காது கூர்மை. அந்த வேலை என்னுடையது.

ஓட்டும் வேலையும் என்னுடையதாகிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரில் மூன்று பெடல்களும் அவ்வளவு நெருக்கம். லாரி ஓட்டிய இவர் காலை வைத்தால் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் சேர்ந்தே அமுங்கும். முதல் நாளே எங்கள் வீட்டுக் கொட்டகைத் தூணில் மோதினார். "டீச்சர், உங்க காலு சின்னக் காலு, நீங்களே ஓட்டுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். அதை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

அந்த ஆண்டு கோலாலம்பூரில் பழைய கார் வைத்திருக்கும் சங்கம் ஒன்று மலையேற்ற ஓட்டம் வைத்தது. தாப்பாவில் தொடக்கம், ரிங்லெட் தாண்டி ஒரு தோட்டத்து கிளப்பில் முடிவு. மதியம் ஒரு மணிக்குள் சொந்த இன்ஜினில் ஏறி வந்த கார்கள்தான் கணக்கில் சேரும். வழியில் நின்றால் ஏற்றிக்கொள்ள ஒவ்வொருவரும் ஒரு வண்டியை ஒரு மணி நேரம் கழித்துப் பின்னால் வரச்செய்ய வேண்டும். எங்கள் காரைப் பார்த்த சங்கத்துக்காரர் ஒருவர் அன்பாகத்தான் சொன்னார், ஏறுவது சிரமம், லாரியிலேயே ஏற்றி வந்து கிளப் வாசலில் காட்சிக்கு நிறுத்துங்கள் என்று. இவர் ஒரே வார்த்தை சொன்னார்: "ஏறும்." அந்த வார்த்தை எங்களுக்கு முன்னால் கம்போங் ராஜாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊரே காத்திருந்தது. ஏறி வருகிறோமா, ஏற்றி வருகிறார்களா என்பதுதான் அந்த வாரம் சந்தையில் பேச்சு.

முதல் நாளே மலையிறங்கி, தாப்பாவில் தெரிந்தவர் வீட்டில் தங்கினோம். காலையில் இட்லியும் கொப்பியும் பசியாறிவிட்டு, அங்கிருந்த மாரியம்மன் கோயில் வாசலில் காரை நிறுத்தினோம். என் அண்ணன் வேலாயுதம் எங்கள் லாரியோடு வந்து சேர்ந்தார். அவருக்குத் திரிங்காப்பில் பூத்தோட்டம். லாரியிலிருந்து அவர் இறக்கிய செவ்வந்தி மாலையைப் பார்த்து கோயிலுக்கு வந்தவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள். என் தொடைப் பருமன். சிங்கப்பூருக்குப் போகிற முதல் தரப் பூவை எடுத்து, ராத்திரி முழுக்கத் தன் கையாலேயே கட்டியிருக்கிறார்.

"காத்துல பறந்துறக் கூடாதுலா" என்று சொல்லி, வேலிக் கம்பியால் காரின் முகத்தில் இறுக்கிக் கட்டினார். குருக்கள் கற்பூரம் காட்டினார். நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். நசுக்கிக்கொண்டு புறப்பட்டபோது மணி ஒன்பது. பதினாறு கார்களில் எங்கள் பச்சைக் கார்தான் மாலை போட்ட கார். எல்லோரும் எங்களைத்தான் படம் எடுத்தார்கள். நான் தலைக்குக் கட்டியிருந்த ஸ்கார்ஃபை இன்னும் கொஞ்சம் அழகாகக் கட்டிக்கொண்டேன்.

தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறக்குறைய நாற்பத்தாறு கிலோமீட்டர். முதல் சில கிலோமீட்டர் ஏமாற்றும், சமமாகவே போகும். அப்புறம் வளைவுகள் தொடங்கினால் நிற்பதில்லை. ஒரு வளைவை முடித்து ஸ்டியரிங்கை நேராக்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். மூங்கில் சரிந்து சாலைக்கு மேலே பந்தல் போட்டிருக்கும். இரண்டாவது கியரில் அந்த இன்ஜின் பாடுகிற பாட்டு இருக்கிறதே, அதற்காகவே நான் அந்தக் காரை ஓட்டுவேன். அன்று பாட்டைக் கேட்டுக்கொண்டே போனவள், பத்துப் பதினைந்து கிலோமீட்டரில்தான் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன். முள் ஏறிக்கொண்டிருந்தது.

ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜாவுக்கு எத்தனையோ தடவை அதில் ஏறி இறங்கியிருக்கிறோம். ஒரு நாளும் அந்த முள் பாதியைத் தாண்டியதில்லை. லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு வருவதற்குள் முள் கடைசிக் கோட்டைத் தொட்டுவிட்டது. காரை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். ரேடியேட்டர் மூடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி. சூட்டில் இன்ஜின் ஹெட்டில் விரிசல் விழுந்தால் வேறு ஹெட்டுக்கு இங்கிலாந்துக்குத்தான் எழுத வேண்டும். வரும், வராமலும் போகும்.

"தண்ணி பம்ப்தான்" என்றார் இவர்.

"போன வாரம்தானே மாத்துனீங்க?"

"அப்ப டைமிங்."

டைமிங்கைப் பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார். அருவித் தண்ணீரைப் பிடித்து வந்து, சூடு இறங்கட்டும் என்று காத்திருந்தார். மற்ற கார்கள் ஒவ்வொன்றாக எங்களைக் கடந்து போயின. நீண்ட மூக்குள்ள ஒரு வெள்ளி நிறக் கார் மெதுவாகி, ஓட்டியவர் "லோரி பின்னாடி வருதா?" என்று கேட்டார். வருகிறது என்று இவர் கையை ஆட்டினார். எனக்கு அழுகை வந்தது. லாரி வந்து சேரும்போது கார் ஓடவில்லை என்றால் ஏற்ற வேண்டியதுதான். தன் லாரியில் தன் காரை ஏற்றிக்கொண்டு, தான் பிறந்த ஊர்க் கடைத்தெருவில் இந்த மனிதர் எப்படி இறங்குவார் என்று நினைத்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு காருக்கு முன்னால் போய் நின்றபோதுதான் அந்த வாசனை. எண்ணெய் வாசனை இல்லை, ரப்பர் வாசனை இல்லை. பூ வேகிற வாசனை. மாலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். முன்பக்கம் பூ மஞ்சளாக, அப்போது பறித்தது மாதிரி இருந்தது. பின்பக்கம் பூவெல்லாம் பழுப்பாக வெந்து, ஆவி பறந்தது. ரேடியேட்டருக்குக் காற்று போகிற கிரில்லில் என் சுண்டுவிரல் நுழையக்கூட இடமில்லை.

லாரிக்கு எத்தனை ஆயுத பூஜை போட்டிருப்போம்! லாரியின் முகம் பெரிது, மாலை கட்டினாலும் காற்றுக்கு வழி இருக்கும். இந்தக் குட்டிக் காருக்கு அந்த ஒரு வாய்தான். இருவரும் இன்ஜினில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம், சாமி முன்னால் போட்ட மாலையைச் சந்தேகப்பட மட்டும் தோன்றவில்லை.

"என்னங்க, மூக்க பொத்திக்கிட்டு மலை ஏறச் சொன்னா நீங்க ஏறுவீங்களா?" என்றேன்.

எட்டிப் பார்த்தவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கை போகவில்லை. "கழட்டக் கூடாதும்மா. கற்பூரம் காட்டுனது. மேல போய்ச் சேராம கழட்டுனா மச்சான் மனசு என்னாகும்? ராத்திரி பூரா கட்டியிருக்காரு."

"காடிய லோரியில ஏத்துனா மட்டும் மச்சான் மனசு குளுந்துருமா?"

கழற்றிக் கீழே போடவும் எனக்கு மனசில்லை. அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு மாற்றுச் சக்கரம் வெளியே, காரின் முதுகில்தான் மாட்டியிருக்கும். குறடு எடுத்து கம்பியை வெட்டி, மாலையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அந்தச் சக்கரத்துக்குப் போட்டேன். நல்ல பூவெல்லாம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து லாரி வந்து நின்றது. ஏற்றுவதற்குப் பலகையும் கயிறுமாக அண்ணன் இறங்கினார். காரின் முகத்தைப் பார்த்தார். பின்னால் போய் மாலையைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது.

"ஏன்மா, பின்னுக்குப் போட்டுட்டீங்க?"

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அண்ணே, உங்க பூ அவ்வளவு மொத்தம். காத்து நுழைய முடியல, காடி வெந்துருச்சு. அதான் பின்னுக்குப் போட்டேன். நாங்க முந்திப் போறப்ப, யாரு முந்துனதுன்னு பின்னால வர்றவனுக்கெல்லாம் தெரியட்டும்."

அண்ணன் வெந்த பூவைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பலகையை லாரிக்குள் திரும்பப் போட்டுவிட்டு, வேலிக் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார். "இப்படி லேசா கட்டுனா எப்படிலா? அவ ஓட்டுற ஓட்டுக்கு பறந்துரும், மாப்ள" என்று முனகிக்கொண்டே, தன் கையாலேயே இரண்டு முறுக்குப் போட்டு இறுக்கினார்.

மூடியைத் துணி வைத்துத் திறந்து, தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட் செய்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. முள் பாதிக்கு வந்து அங்கேயே நின்றது, அதன்பின் அசையவில்லை. மணி பதினொன்றரை. மிச்சமிருந்த இருபத்தைந்து கிலோமீட்டரில், ஏற்றத்தில் திணறி நின்றும் நகர்ந்தும் கொண்டிருந்த ஆறு கார்களை முந்தினேன். அதில் அந்த வெள்ளி நிறக் கார் ஒரு வளைவில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. இவர் நிறுத்தச் சொன்னார். இறங்கி எங்கள் தண்ணீர் கேனைக் கொடுத்தார். "உங்க லோரி வருதா?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் கேட்டேன்.

தோட்டத்து கிளப் வாசலில் நுழைந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. ஏறி வந்தவர்களில் எங்களுக்குப் பத்தாவது இடம். சுற்றிலும் தேயிலைச் சரிவுகள், கொழுந்து எடுத்துவிட்டுக் கூடையோடு இறங்கி வந்த பெண்கள் வேலி ஓரம் நின்று கை தட்டினார்கள். கார் கிடந்த அதே தோட்டம்தான் அது. அங்கே ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி கிட்டே வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுற்றிப் பார்த்தார். "அடடே, இது நம்ம பழைய துரை காடிலா?" என்றார். இவர் பணிவாக "ஆமாங்க" என்று சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. "இல்லைங்க, எங்க காடி" என்றேன்.

பெருமை பேசுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எங்கெங்கோ இருந்தவர்களின் கையும் காதும் சேர்ந்து உயிர் கொடுத்த கார் அது. இன்றைக்கும் அதைத் துடைக்கும்போது எனக்கு நெஞ்சு நிமிரும்.

இனி, போகப்போகிறவர்களுக்கு. தாப்பாவிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். காலையில் ஏறுங்கள், மதியத்துக்கு மேல் மலையில் மழை பிடித்துக்கொள்ளும், திறந்த காரில் தொப்பலாகிவிடுவீர்கள். குடிக்க ஒரு கேன், காருக்கு இரண்டு கேன் தண்ணீர். நின்று ஆற லாத்தா இஸ்கண்டார் நல்ல இடம். பூஜை போடுங்கள், மாலையும் போடுங்கள். ஆனால் பின்னால் போடுங்கள். ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா பதின்மூன்று கிலோமீட்டர், அங்கிருந்து கம்போங் ராஜா இன்னும் இருபதுக்கு மேல்.

அந்தக் கடைசித் துண்டில் மட்டும் கவனம் தேவை. சாயங்காலம் காய்கறி லாரிகள் இறங்குகிற நேரம். பாரம் ஏற்றிய காய் லாரி யாருக்கும் ஒதுங்காது, காய் விடியுமுன் சந்தைக்குப் போயாக வேண்டும். டிஸ்ட்ரிக்ட் ஆபீசர் வந்தாலும் அவர்தான் ஒதுங்க வேண்டும். நீங்களும் ஒதுங்கி நில்லுங்கள். அன்று கிளப்பிலிருந்து ஊருக்கு ஏறும்போது, கம்போங் ராஜாவுக்குச் சற்று முன்னால் இருக்கும் கோலா தெர்லாவில் நானும் ஒதுங்கப் போனேன். முதல் லாரி, முட்டைக்கோஸ் முட்டமுட்ட ஏற்றியது, எனக்கு முன்னால் பிரேக் போட்டு, மண் ஓரத்தில் சக்கரத்தை இறக்கி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "போங்க டீச்சர், போங்க!" என்றார். அதற்குப் பின்னால் இன்னொன்று ஒதுங்கியது. அதற்குப் பின்னால் இன்னொன்று. கம்போங் ராஜா கடைத்தெரு வரைக்கும் எனக்குப் பாதை திறந்தே கிடந்தது.